டிரஸ்ஸிங் தட்டில் ஒரு பீடி

ஞானமுத்து என்ற தோட்டத் தொழிலாளியின் இடது கால் போனதற்கு நான் காரணம். அவருக்குப் பீடி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கொடுத்தேன். ஒரு நாள் அல்ல, ஏறக்குறைய ஒரு மாதம், தினமும் காலையில் என் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்தேன். பிறகு டாக்டர் கேட்டபோது, கொடுக்கவில்லை என்று சொன்னேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் இன்று சொல்வேன்.

எங்கள் மருந்தாளுநர் சங்கத்து இளைஞர்கள் மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். அதற்குக் கட்டுரை கேட்டு வந்தவர்களில் ஒருவர், "பீடிக்கட்டு மேலேயே இப்ப படம் போட்டுப் பயமுறுத்தறாங்க. உங்க காலத்துல ஆஸ்பத்திரியில என்னங்க சார் சொல்லுவீங்க?" என்றார். அவரிடம் அப்போது சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எங்கள் காலத்தில் ஆஸ்பத்திரியில் நாங்களே பீடி கொடுத்தோம்.

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்லூரிப் படிப்பு, அதன்மேல் மருந்தாளுநர் படிப்பு எல்லாம் முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். பன்னிரண்டு படுக்கைகள். மருந்து கலப்பது, ஊசி போடுவது, புண் கட்டுவது எல்லாம் என் வேலை. அங்கே எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் மலையேறியவர்கள். என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. சேர்ந்த ஒரு வாரத்தில் எனக்கு "ஏனுங்க சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழனிச்சாமி என்ற என் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடிந்தது.

எனக்கு முன்பிருந்த முதிய கம்பவுண்டர் டிரஸ்ஸிங் தட்டு அடுக்கும் முறையை முதல் நாளே காட்டிவிட்டுப் போயிருந்தார். இடது ஓரம் ஃபோர்செப்ஸ், அடுத்து கத்தரி, பஞ்சு, காஸ் துணி, நடுவில் மருந்துக் கிண்ணம். வலது ஓரத்தில் ஒரு பீடியும் தீப்பெட்டியும். ஸ்பிரிட் பாட்டில் மட்டும் தட்டில் இருக்கக் கூடாது, ஜன்னல் திண்டில் இருக்க வேண்டும். தீப்பிடித்துவிடும் அல்லவா, அதனால்.

பீடி எதற்கு என்றால், புண்ணோடு ஒட்டிக் காய்ந்த காஸை உரிக்கும்போது உயிர் போகும். வலி மருந்து பூட்டி வைத்த அலமாரியில் கொஞ்சம்தான் இருக்கும். அது பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் சரியாகப் போகும். ஆகவே நோயாளியின் வாயில் ஒரு பீடியை வைத்துப் பற்றவைப்பது, அவர் இரண்டு இழுப்பு இழுத்ததும் காஸை உரிப்பது என்று ஒரு வழக்கம். அதன் பெயரே டிரஸ்ஸிங் பீடி. அழுகிய புண்ணின் நாற்றத்தைப் புகை அமுக்கும் என்பது உபரி வசதி. நானும் சிகரெட் பிடிப்பவன்தான். மலைக் குளிருக்கு வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். அந்தத் தட்டில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

டாக்டர் ஏலியாம்மா வந்த அன்றே அந்தப் பீடியை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளமானவர். கோட்டயத்துக்காரர், தமிழ் பேசினால் பாதி மலையாளமாக வரும். யாரையும் அதட்டிக் கேட்டதில்லை. நோயாளியின் காலைத் தொடுவதற்கு முன் தன் இரு கைகளையும் கக்கத்தில் செருகி ஒரு நிமிடம் சும்மா நிற்பார். குளிர்ந்த கை பட்டால் ரத்தக் குழாய் சுருங்கிவிடும், பிறகு நாம் பார்ப்பது நோயாளியின் நோயாக இருக்காது, நம் கையின் குளிராக இருக்கும் என்பார். வரிசையில் முப்பது பேர் காத்திருந்தாலும் அந்த ஒரு நிமிடம் குறையாது.

"பீடி வலிக்கு நல்லதுங்க டாக்டர். இங்க வழக்கமுங்க" என்றேன்.

"அப்படியோ? சரி, உச்சைக்கு வாங்க. செருப்பு வேண்டாம். சிகரெட்டு கொண்டு வாங்க."

மதியம் போனேன். ஜன்னல்களை அடைத்துக் கரி அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கி வைத்திருந்தார். மேசைமேல் ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் வகை அல்ல. அது ஏறினால் உதறினால்தான் இறங்கும். இது ஏறவும் இறங்கவும் செய்வது. தேயிலை ஃபாக்டரியில் இலை பதமாகும் அறையின் சுவரில் மாட்டியிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதன் குமிழை என் இடது கால் பெருவிரலின் அடியில் வைத்து, மேலே பஞ்சு வைத்து, பிளாஸ்திரியால் ஒட்டினார். என்னைப் படுக்க வைத்து அரை மணி நேரம் பேசவிடவில்லை. பாதரசம் ஏறி ஓரிடத்தில் நின்றது. அந்தக் கோட்டைப் பென்சிலால் குறித்தார்.

"இப்ப பற்ற வைங்க."

நான் புகையை இழுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுகமாகத்தான் இருந்தது. பாதி சிகரெட் முடிவதற்குள் டாக்டர் விரலால் மேசையைத் தட்டினார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அறை சூடாகவே இருந்தது, நெற்றியில் வியர்வைகூட. பாதரசம் மட்டும் பென்சில் கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க ஒரு கோடு, பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

என் வாயில் இருக்கும் நெருப்பு என் கால் விரலைக் குளிர வைக்கிறது. படித்தவன் நான், நிக்கோட்டின் என்ற பெயரும் அது ரத்தக் குழாயைச் சுருக்கும் என்ற வரியும் பரீட்சைக்கு எழுதியவைதான். ஆனால் என் சொந்த விரலில் ரத்தம் ஓடாமல் பின்வாங்குவதை அன்றுதான் கண்ணால் கண்டேன். புகை நெஞ்சுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, மூளையைத் தொட்டுச் சுகம் கொடுத்து, அதே நேரத்தில் உடம்பின் கடைசி முனைவரை போய்க் கதவைச் சாத்துகிறது. தலைக்குக் கொடுப்பதைக் காலிடமிருந்து எடுக்கிறது. பயமும் வியப்பும் ஒன்றாக வந்தன. அந்த வியப்பு இன்றுவரை குறையவில்லை.

இதையெல்லாம் கண்டபிறகும் நான் சிகரெட்டை விடவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு ஞானமுத்து வந்தார். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. வயது முப்பத்து மூன்று. ஏணி இல்லாமல் கால் விரல்களாலேயே மரத்தைப் பற்றி ஏறுவார். மரத்தின் உச்சியிலும் வாயில் பீடி இருக்கும். இடது பெருவிரல் நுனியில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. படுத்தால் வலி தாங்காமல், உட்கார்ந்தபடியே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார் அவர் மனைவி புஷ்பம். அவர் கொழுந்து பறிப்பவர்.

டாக்டர் கைகளைக் கக்கத்தில் சூடாக்கிக்கொண்டு, ஞானமுத்துவைப் படுக்க வைத்து இரண்டு காலையும் உயர்த்திப் பிடித்தார். நிமிடம் ஆக ஆக இடது பாதம் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளுத்துக்கொண்டே போனது. பிறகு எழுப்பி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னார். வெளுத்த பாதம் மெல்ல மெல்ல அடர்ந்த சிவப்பாக மாறியது. கணுக்காலில் நாடி இல்லை. முழங்காலுக்குப் பின்னால் இருந்தது.

"சர்க்கரை இல்ல. வயசும் இல்ல. இது பீடி மாத்திரம்" என்றார். "ஞானமுத்து, விரல் போகும். அது தானா விழும், விட்டுடலாம். பாதம் இருக்கும். ஆனா ஒரு பீடிகூட கூடாது. பத்துக்கு ஒண்ணா குறைக்கறது பேச்சில்ல. ஒண்ணும் ஒண்ணுதான், பத்தும் ஒண்ணுதான். மனசிலாச்சா?"

"விட்டா மரம் ஏறலாமா டாக்டரம்மா?"

"ஏறலாம்."

"அப்ப இப்பமே விட்டுட்டேன்" என்று காதில் செருகியிருந்த பீடியை எடுத்து புஷ்பத்தின் கையில் கொடுத்தார். புஷ்பம் அதைப் பிய்த்துத் தூளை வாசலில் ஊதினார்.

அவரை வார்டில் சேர்த்தோம். ஐந்து வாரம் அவர் உண்மையாகவே விட்டிருந்தார். புஷ்பம் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து தலையணை, மெத்தை, சட்டைப் பை எல்லாம் தடவிப் பார்ப்பார். புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. புதுச் சதை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கோட்டை ஒரு நகையைக் காட்டுவதுபோலக் காட்டினார். பெரிய குழாய் அடைத்தாலும் சுற்றியிருக்கும் மயிரிழைக் குழாய்கள் தடித்து வழி உண்டாக்கும் என்றார். மலைச்சரிவில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் எங்கள் ஆட்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து நடந்து புதுத் தடம் போட்டுவிடுவார்கள். அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்தது. டாக்டர் தன் தாயாரைப் பார்க்கக் கோட்டயம் போனார். நான்கு நாள். இரண்டாம் நாள் காலையில் காஸ் ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், கால் மணி நேரம் ஆகும். வெளியே காய்ச்சல்காரர்கள் வரிசை வாசல்வரை நின்றது. நான் ஊறவிடாமல் உரித்தேன்.

"ஏனுங்க சார், நீரு என்ன மாட்டுத் தோலா உரிக்கீரு!" என்று ஞானமுத்து அலறினார். பிறகு என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். பிறகு அழுதார். "சார், உசுரு போகுது. ஒண்ணே ஒண்ணு தாரும். ஒம்மகிட்ட வாசம் அடிக்கி சார், சட்டையில. ஒண்ணு போதும். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

நான் என் சிகரெட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்துப் பற்றவைத்தேன்.

அவர் முகத்தை நான் மறக்க முடியாது. பத்து எண்ணுவதற்குள் நெற்றிச் சுருக்கம் போனது. தாடை தளர்ந்தது. கண்ணில் நீர் நிற்க, சிரித்தார். எந்த ஊசியும் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் இரக்கம் காட்டிவிட்டதாகவே எண்ணினேன். காஸ் சுலபமாக வந்தது. வரிசையும் சீக்கிரம் முடிந்தது.

மறுநாள் அவர் கேட்கவில்லை, வெறுமனே என் சட்டைப் பையைப் பார்த்தார். நானும் பேசாமல் கொடுத்தேன். டாக்டர் திரும்பி வந்த பிறகும் நிற்கவில்லை. சிகரெட் செலவு வேண்டாம் என்று அவருக்காகவே ஒரு கட்டுப் பீடி வாங்கி மருந்து அறையில் வைத்துக்கொண்டேன். டிரஸ்ஸிங் ஏழு மணிக்கு, டாக்டர் வருவது ஒன்பதுக்கு. புகை வாசம் இருந்தால் அது என்னுடையது.

"பழனிச்சாமி, நீங்க இன்னும் விடல்ல" என்பார் டாக்டர்.

"முயற்சி பண்ணிட்டிருக்கறேனுங்க" என்பேன்.

ரோஜா நிறக் கோடு முதலில் சாம்பல் நிறமாயிற்று. பிறகு கறுப்பு பாதத்துக்கு ஏறியது. டாக்டர் மருந்தை மாற்றினார், அளவை மாற்றினார், கட்டும் முறையை மாற்றினார். ஒருநாள் கட்டிலருகே நின்று நேராகவே கேட்டார்: "ஞானமுத்து, புகைச்சீங்களா?"

"இல்ல டாக்டரம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

புஷ்பம் பக்கத்து மேசையிலிருந்த பைபிளை எடுத்து அதன்மேல் கை வைத்தார். "இது சத்தியமா சொல்லுதேன். அவுக வாயில பீடி பட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நாந்தான் தெனமும் தேடிப் பாக்கேன்." அவர் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பழனிச்சாமி?"

"இல்லைங்க டாக்டர்."

அவர் நோயாளிச் சீட்டில் எழுதினார். புகை முற்றிலும் நிறுத்தியும் நோய் முற்றுகிறது என்பது அந்த வரியின் பொருள். நான் பக்கத்தில் நின்று படித்தேன்.

ஜீப்பில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த ஞானமுத்து எங்கள் வார்டிலேயே சில வாரம் இருந்தார். ஒரு காலை நேரம் என்னை ரகசியமாக அழைத்தார். "சார், பெருவெரலு வலிக்கி."

"எந்த விரல்?"

"போன வெரலுதான். மடங்கி உள்ள குத்துது. நிமித்தி விடுமய்யா."

போர்வைக்குக் கீழே அந்த இடம் தட்டையாக இருந்தது. நான் என்ன நிமிர்த்த? டாக்டரிடம் கேட்டபோது, காலை வெட்டினாலும் மூளைக்குள் காலுக்கென்று இருக்கும் இடம் அப்படியேதான் இருக்கும், அது தன் காலை விட்டுக்கொடுக்காது என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இல்லாத விரலை இப்படிப் பிடித்து வைத்திருக்கும் இந்த மூளையா ஒரு பீடியின் சுகத்தை மறந்துவிடப் போகிறது? ஞானமுத்து இப்போது யாருக்கும் ஒளிக்காமல், கட்டிலிலிருந்தபடியே புகைத்துக்கொண்டிருந்தார். இனி என்ன போக இருக்கிறது என்றார்.

இது அவரோடு முடிந்த விஷயம் என்றே நான் எண்ணியிருந்தேன். அது அப்படி முடியவில்லை. ஃபாக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையர் ஓட்டும் ஒருவருக்கும் கால் விரலில் புண். டாக்டர் சொல்லிப் பீடியை விட்டிருந்தார். அவர் ஒருநாள் காதில் பீடியோடு வந்து நின்றார்.

"என்ன இது?" என்றார் டாக்டர்.

"ஞானமுத்து பீடிய விட்டான், காலு போச்சு. நான் மறுபடி குடிக்கேன், எனக்குக் காலு இருக்கு. ரெண்டு பேருல யாரு டாக்டரம்மா புத்திசாலி?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க இதே பேச்சுதான் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் நேரே ஞானமுத்துவின் கட்டிலுக்குப் போய், கைகளைச் சூடாக்கிக்கொண்டு, மிச்சமிருந்த வலது காலை உயர்த்திப் பிடித்தார். அது வெளுக்கத் தொடங்கியது.

அன்று மதியம் அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை.

"எத்தன நாளு?"

"ஒரு மாசமுங்க."

"தினமுமோ?"

"ஆமாங்க."

அவர் மேசைமேல் திறந்து கிடந்த தடித்த புத்தகத்தை மூடினார். "நான் புத்தகம் எல்லாம் திரும்ப வாசிச்சேன், பழனிச்சாமி. படிச்சதே தப்போன்னு. என்னோட கைதான் மோசமோன்னு." குரல் உயரவில்லை. "அந்தச் சீட்டு எடுங்க."

எடுத்தேன். அந்த வரியை ஒரே கோட்டால் அடித்து, கீழே நடந்ததை என் கையெழுத்தில் எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்திட்டேன். "என்கிட்ட சொன்னா போதாது. சத்தியம் செய்தது புஷ்பம். பின்ன, லயத்தில எல்லாரும் கேக்கணும்" என்றார்.

முதலில் புஷ்பத்திடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோருக்கும் நடுவில்தான் அவரும் கேட்டார். மேலாளரிடம் அனுமதி வாங்கி ஒரு கல்லின்மேல் ஏறி நின்றேன். "ஞானமுத்து பீடியை விட்டதால கால் போகலைங்க. நான் தினமும் பீடி குடுத்தேன், அதனாலதான் போச்சு. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். டாக்டர் சொன்னதுதான் உண்மைங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க சார், எனக்கும் ஒண்ணு தாரீயளா?" பலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது புஷ்பம் முதுகில் கூடையோடு முன்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து என் கண்முன்னே கசக்கிக் கூடைக்குள் போட்டார்.

"பைபிள் மேல கை வச்சேன். நீரு பாத்துக்கிட்டேதான நின்னீரு" என்றார். கூடையோடு கொழுந்துக்காட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்றைக்கு நானும் விட்டேன். ஞானமுத்துவின் கட்டிலுக்குப் போய், "நீங்க விட்டா நானும் விடறேன். நான் ஒண்ணு குடிச்சா நீங்க ஒண்ணு குடிங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "கடைசில ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்கும், பரவால்லையா?" என்று கேட்டார். முதல் மூன்று வாரம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் இருமல் மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றிவிட்டு, நல்லவேளையாக உடனே கண்டேன். எழுத்துகள் கண்ணுக்குள் நில்லாமல் ஓடின. "தலைக்குள்ள ஒருத்தன் உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கான் சார்" என்றார் ஞானமுத்து. அந்த ஆளை எனக்கும் தெரிந்திருந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது: நான் பீடி கொடுத்தபோது அந்த முகத்தில் நான் கண்டது வலி தீர்ந்த சுகம் அல்ல. பீடி கேட்கும் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டதால் வந்த அமைதி. காலின் வலி அதற்குள்ளே வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கரி அடுப்பு மூட்டி, ஃபாக்டரி தெர்மாமீட்டரை அவர் வலது பெருவிரலில் ஒட்டுவோம். முதல் மாதம் அசையவில்லை. பிறகு ஒரு திங்கள், பென்சில் கோட்டுக்கு மேலே பாதரசம் ஒரு நூலளவு நின்றது. டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மழை முடிவதற்குள் மூன்று கோடு ஏறியிருந்தது. உள்ளே எங்கோ ஒரு புதுத் தடம் உண்டாகியிருந்தது. நாங்கள் செய்ததெல்லாம் குறுக்கே நிற்காமல் இருந்ததுதான். மற்றதை அந்த உடம்பே செய்துகொண்டது.

ட்ரையர்காரர் விட்டார், தொடங்கினார், மறுபடியும் விட்டார். விடாதவர்களும் நிறையப் பேர். ஞானமுத்து மரம் ஏறவில்லை. நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பும் வேலைக்குப் போனார். டாக்டர் மாற்றலாகிப் போகும்வரை, என்னிடம் எதைக் கேட்டாலும் அதையே நோயாளியிடமும் ஒருமுறை கேட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஞானமுத்து என்னோடு பேசினார், கிண்டல் செய்தார். புஷ்பம் பேசவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். முப்பது ஆண்டுகள்.

நான் ஓய்வு பெற்ற அன்று மருந்து அறையைப் பூட்டப் போகும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். ஞானமுத்து கட்டைக் காலும் ஊன்றுகோலுமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "இன்னைக்கும் அந்த வெரலு குத்துது சார். நீரு நிமித்தாமலே போறீரு" என்றார்.

புஷ்பம் தரையில் குனிந்து அவருடைய வலது காலைத் தூக்கி என் முக்காலியின்மேல் வைத்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"தொட்டுப் பாரும்."

நான் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். பிறகு தொட்டேன். அந்தக் கால் என் கையைவிடச் சூடாக இருந்தது.